பதினான்காம் லோரோங்கில் ஒரு பள்ளிக்கூடம்

பிரெஞ்சுக் காதல் கதைகளில் நான் முழுசாகப் படித்தது ஒன்றுதான். அதையும் காதலுக்காகப் படிக்கவில்லை. முதல் பக்கத்திலேயே ஓர் ஏல அறிவிப்பு வருகிறது. 1847 மார்ச், பாரிஸ் தெருவில் மஞ்சள் சுவரொட்டி. வீட்டுக்காரர் இறந்துவிட்டதால் சாமான்கள் விலைக்கு வருகின்றன. யார் வீடு என்று போடவில்லை. கதை சொல்கிறவர் போய்ப் பார்க்கிறார். பேர்போன ஒரு தாசியின் வீடு. அவள் இருந்தவரை அந்த வாசலை மிதிக்கக் கூசிய பெரிய வீட்டுப் பெண்கள் இப்போது அவளுடைய அலமாரிகளைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் விற்ற காசுக்குக் காத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகத்தில் மீட்டர் பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். கேலாங் வட்டாரம் பல வருஷம் என் பாதையில் இருந்தது. ஒரு வீட்டைப் பற்றி அக்கம்பக்கம் சொல்வதைவிட அந்த வீட்டு மீட்டர் சொல்வதை நம்பிப் பழகிவிட்டேன். பாக்கியும் ஏலமுமாகத் தொடங்குகிற காதல் கதை என்னைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அப்போது இருந்த செங்கல் கட்டட நூலகத்தில் ஆங்கிலத்தில் எடுத்துப் படித்தேன்.

எழுதியவர் அலெக்சாண்டர் டூமா. 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' எழுதிய பெரிய டூமா அல்ல, அவருடைய மகன். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர். கதை 1848இல் வெளிவந்தது. தமிழில் 'காமேலியாச் சீமாட்டி' என்று வைத்துக்கொள்வோம். நாயகி மார்கரீத் கோத்தியே எங்கே போனாலும் கையில் காமேலியாப் பூ இருக்கும். மாதத்தில் இருபத்தைந்து நாள் வெள்ளைப் பூ, ஐந்து நாள் சிவப்புப் பூ. அர்மான் துவால் என்கிற இளைஞன் அவள்மேல் பித்தாகிறான். அவனுக்கு வருஷ வருமானம் எட்டாயிரம் பிராங்கு. அவளுக்கு வருஷச் செலவு லட்சத்துக்கு மேல். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் மொத்தக் கதையும் ஓடுகிறது. அவன் சூதாடிப் பார்க்கிறான். அவள் குதிரை, வண்டி, வைரம் என்று ஒவ்வொன்றாக அவனுக்குத் தெரியாமல் அடகு வைக்கிறாள். இரண்டு பேரும் பாரிஸை விட்டுக் கிராமத்துப் பக்கம் போய்க் கொஞ்சநாள் நிம்மதியாக இருக்கிறார்கள். அங்கே அர்மானின் அப்பா, மகன் இல்லாத நேரம் பார்த்து வந்து சேர்கிறார். அவர் அரசாங்க வரி வசூல் அதிகாரி. என் துறையிலிருந்து ரொம்பத் தூரமில்லை. தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, உன்னால் அது நின்றுவிடும், என் பையனை விட்டுவிடு என்று அவளிடம் கேட்கிறார். அவள் விட்டுக்கொடுக்கிறாள். காரணத்தைச் சொல்லாமல் போகிறாள். ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்த அர்மான், ஓர் இரவுக்குப் பிறகு அவளுக்கு ஐந்நூறு பிராங்கு நோட்டை அனுப்பி வைக்கிறான், கூலியாக. காசநோய் முற்றி, கடன்காரர்கள் வாசலில் இருக்க, அவள் தனியாகச் சாகிறாள்.

அந்த ஐந்நூறு பிராங்கு நோட்டுக்காகவே டூமாவை நான் மதிக்கிறேன். காதல் கதை எழுதுகிறவர்கள் பொதுவாகப் பணத்தைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். இவர் நாயகனின் கேவலத்தை ரூபாய் அணா பைசாவாக எழுதிக் காட்டிவிட்டார்.

எழுதக் காரணம், அவருக்கே அந்தப் பாக்கி இருந்தது. உண்மையான பெண்ணின் பெயர் மரி துப்ளெசி. 1824இல் நார்மண்டிக் கிராமம் ஒன்றில் அல்போன்சின் பிளெசியாகப் பிறந்தவள். பாரிஸுக்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டாள். படிக்கக் கற்றுக்கொண்டாள். இருபது வயதுக்குள் நகரத்தின் மிக விலை உயர்ந்த பெண்ணானாள். இசைக் கலைஞர் லிஸ்ட்கூட அவளை விரும்பியவர்களில் ஒருவர். டூமாவும் அதே 1824இல் பிறந்தவர். 1844 இலையுதிர்காலத்தில் தொடங்கிய உறவு அடுத்த ஆகஸ்டில் முடிந்தது. அவளை விரும்பும் அளவுக்குத் தன்னிடம் பணமில்லை, அவள் விரும்பும் அளவுக்குத் தான் ஏழையுமில்லை என்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதிவிட்டு விலகிப்போனார். 1847 பிப்ரவரி 3ஆம் தேதி அவள் இறந்தாள். வயது இருபத்து மூன்று. அந்த மாதமே சாமான்கள் ஏலத்துக்குப் போயின. அப்போது பாரிஸில் இருந்த சார்லஸ் டிக்கன்ஸ், அந்த ஏலத்தைப் பற்றி ஊரே பேசுவதைக் கண்டு வியந்தார்.

டூமாவின் பிறப்பையும் சொல்லியாக வேண்டும். அவருடைய அம்மா காத்தரின் லபே தையல் வேலை செய்தவர். பெரிய டூமா அவரை மணந்துகொள்ளவில்லை. 1831இல் பிள்ளையைச் சட்டப்படி தன் மகனாக ஏற்றுக்கொண்டு, தாயிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே கூடப் படித்த பிள்ளைகள் அவனை என்ன சொல்லிக் கேலி செய்திருப்பார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படி வளர்ந்தவர் எழுதிய கதையில், ஒரு பெண்ணின் உயிரைக் கேட்டு வாசலில் நிற்பவர் ஒரு குடும்பத்தின் கௌரவமான தகப்பனார். ஆனால் அந்தத் தகப்பனாரை டூமா நல்ல மனிதராகவே எழுதியிருக்கிறார். அதுதான் எனக்கு உறுத்துகிறது. நாடகமாக்கியபோது முதலில் தணிக்கைக்காரர்கள் தடுத்தார்கள். 1852இல் மேடையேறியதும் கூட்டம் அலைமோதியது. அடுத்த வருஷம் வெர்டி அதை ஓபராவாக்கினார். டூமாவுக்குப் பணமும் புகழும் வந்தன. 1874இல் பிரெஞ்சு அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிற்கால நாடகங்களில் ஒழுக்கம் போதித்தார். 1895இல் இறந்தவரை மரி துப்ளெசி கிடக்கிற அதே மோன்மார்த்தர் இடுகாட்டில்தான் புதைத்தார்கள்.

இந்தக் கதை நம் ஊருக்குக் கப்பலேறி வந்த வழி சுவாரசியமானது. 1899இல் சீனாவின் ஃபூச்சோ நகரில் லின் ஷு என்கிற பண்டிதர் இதைச் சீனத்தில் வெளியிட்டார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. வேறு எந்த அயல்மொழியும் தெரியாது. மனைவியை இழந்து துக்கத்தில் இருந்தவரிடம், பிரான்சில் படித்துத் திரும்பிய நண்பர் வாங் ஷௌசாங் கதையை வாயால் சொல்லச் சொல்ல, இவர் செவ்வியல் சீனத்தில் எழுதிக்கொண்டே போனார். படித்தவர்கள் அழுது தீர்த்தார்கள். மேற்கத்திய நாவல் ஒன்று சீனாவை அந்த அளவுக்கு உலுக்கியது அதுவே முதல் தடவை என்பார்கள்.

அதைப் படித்துவிட்டு உடனே அச்சில் பாராட்டியவர்களில் ஒருவர் சிங்கப்பூர்க்காரர். பெயர் கூ சியோக் வான். 1901இல் வெளிவந்த தன்னுடைய நூலில், சீன இலக்கியத்தின் சொற்செல்வத்தைக் கொண்டு ஐரோப்பியரின் மனத்தைக் காட்டிவிட்டார் லின் ஷு என்று எழுதினார். சும்மா மதிப்புரை எழுதிவிட்டுப் போன ஆள் இல்லை இவர். கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாக இருந்திருக்கக்கூடியவர்.

1874இல் ஃபூஜியனில் பிறந்து, சின்ன வயதில் சிங்கப்பூருக்கு வந்தார். அப்பா கூ செங் தியோங் பெரிய அரிசி வியாபாரி. மகன் 1894இல் சீன அரசுத் தேர்வில் மாகாணப் பட்டம் வாங்கினார். அப்பா இறந்ததும் சொத்து கைக்கு வந்தது. 1898இல் 'தியென் நான் ஷின் பாவ்' என்கிற நாளிதழைத் தொடங்கினார். 1899இல் சிங்கப்பூர் சீனப் பெண்கள் பள்ளி தொடங்கக் கைகொடுத்தார். 1900இல் உயிருக்குப் பயந்து தப்பி வந்த சீர்திருத்தவாதி காங் யூவெய்க்கு அடைக்கலம் கொடுத்து, அவருடைய இயக்கத்துக்குப் பெருந்தொகையை இறைத்தார். கூடவே விருந்து, கவிஞர் கூட்டம், பாட்டுப் பாடும் கணிகையர். அந்தப் பெண்கள்மேல் கவிதைகளாக எழுதிக் குவித்தார். அரிசிக் கடையில் சேர்த்த பணத்துக்கு இத்தனை வாசல் தாங்குமா? 1907இல் திவாலானார். அதற்குப் பிறகு இன்னும் முப்பத்து நான்கு வருஷம் இருந்தார். பத்திரிகைகளில் வேலை பார்த்தார், கவிதை எழுதினார். 1941இல் இறந்தார். புக்கிட் பிரவுனில் அவருடைய கல்லறை இருக்கிறது. தேசிய நூலகம் அவருக்காகக் கண்காட்சியே நடத்தியது.

மனுஷன் சொத்தை இழந்தாலும் பெயர் மிஞ்சியது. அவர் காசு கொடுத்த பெண்களுக்கு? அந்தக் காலத்து விடுதிகள் இப்போது போலக் கேலாங்கில் இல்லை. சீனப் பெண்கள் சைனாடவுனில் ஸ்மித் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இருந்தார்கள். ஜப்பானியப் பெண்கள் மலாய் ஸ்திரீட், ஹைலாம் ஸ்திரீட் பக்கம். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் வாரன் 1993இல் இவர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அவருக்கு முக்கிய ஆதாரமாகக் கிடைத்தவை என்ன தெரியுமா? மரண விசாரணைக் காகிதங்கள். தூக்குப் போட்டுக்கொண்டவள், அபின் விழுங்கியவள், வாடிக்கைக்காரன் வெட்டிக் கொன்றவள். செத்த பிறகு அதிகாரி வந்து கேள்வி கேட்டதால்தான் அவர்கள் பெயர் தாளில் ஏறியது. அவர்களுக்காக அழ லின் ஷுவும் வரவில்லை, வெர்டியும் வரவில்லை.

மலாய்க்காரர்கள் பக்கம் இந்தக் கதை வேறு வழியாக வந்தது. எகிப்தில் மன்ஃபலூத்தி என்கிற எழுத்தாளர், அவரும் பிரெஞ்சு தெரியாதவர்தான், இதை அரபியில் சுருக்கி எழுதினார். சுமத்ராவில் இருந்த ஹம்கா அந்த அரபியிலிருந்து 1940இல் 'மார்கரெத்தா கோத்தியர்' என்று மலாய்க்குக் கொண்டுவந்தார். ஹம்கா மார்க்க அறிஞர், பின்னாளில் இந்தோனேசியாவின் பெரிய உலமா. பாரிஸ் தாசியின் கதையை ஒரு மார்க்க அறிஞரின் கையால் வாங்கிப் படிப்பதில் கேலாங் செராய் வாசகர்களுக்கு ஒரு வசதி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அழலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

தமிழர்களுக்கு மார்கரீத் தேவைப்படவில்லை. மாதவி இருந்தாள். சிலப்பதிகாரத்தில் ஒரு கூனி, ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் விலை வைத்து மாதவியின் மாலையை நகரத்து இளைஞர்கள் நடமாடும் தெருவில் கூறி விற்கிறாள். கோவலன் வாங்கி, மாலையோடு அவள் வீட்டுக்குப் போகிறான். இளங்கோவும் விலையில்தான் தொடங்குகிறார் பாருங்கள். வியாபாரி மகன் சொத்தைத் தொலைத்து, மனைவியின் சிலம்பை விற்க மதுரைக்குப் போகிறான். டூமாவின் கதையில் செத்துப்போவது தாசி. நம் கதையில் செத்துப்போவது வாடிக்கைக்காரன். மாதவி சாகவில்லை. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுத் துறவு பூணுகிறாள். அவள் மகள் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி ஊர்ப் பசியைத் தீர்க்கிறாள். நாடகக் கணிகையின் மகள் அன்னதானம் செய்கிற இந்தத் திருப்பத்தை ஞாபகத்தில் வையுங்கள், இதற்காகத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

இனிக் கேலாங் பக்கம் வருகிறேன். என் அப்பா கல்லாங் கேஸ் ஆலையில் வேலை பார்த்தார். 1862இலிருந்து ஓடிய ஆலை அது. சீனர்கள் அந்த இடத்தை நெருப்பு நகரம் என்பார்கள். ஆலையில் வேலை செய்த தமிழர்கள் கல்லாங் சாலையில் கோயில் எழுப்பினார்கள். சுவாமியின் பெயர் மன்மத காருணீஸ்வரர். நெற்றிக்கண்ணால் மன்மதனைச் சாம்பலாக்கியவர், பிறகு இரங்கி அவனுக்கு அருள் செய்தவர். கேலாங்கின் வாசலில் இப்படி ஒரு பெயரோடு சிவன் உட்கார்ந்திருப்பது தற்செயல்தான். ஆனால் சம்பள நாளில் அந்தப் பக்கம் போகும் இளவட்டங்களைப் பார்த்து அப்பா ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

1930இல் அரசாங்கம் விடுதிகளைச் சட்டப்படி மூடியது. தொழில் நிற்கவில்லை, முகவரியை மாற்றிக்கொண்டது. அந்தப் பத்தாண்டில்தான் கேளிக்கைப் பூங்காக்களின் கபரேக்கள் கொழித்தன. ஜாலான் புசாரில் நியூ வோர்ல்டு, கிம் செங் சாலையில் கிரேட் வோர்ல்டு, மூன்றாவதாகக் கேலாங் சாலைக்கும் மவுண்ட்பேட்டன் சாலைக்கும் நடுவில் ஹேப்பி வோர்ல்டு. 1930களின் பிற்பாதியில் திறந்த பூங்கா, 1960களில் கே வோர்ல்டு என்று பெயர் மாறியது. பங்சாவான் நாடகம், ஜோகெட் ஆட்டம், சினிமாக் கொட்டகை, குத்துச்சண்டை எல்லாம் ஒரே வேலிக்குள். 1952இல் மலாயா தாமஸ் கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது அங்கே இருந்த ஹேப்பி வோர்ல்டு அரங்கத்தில்தான். பூப்பந்து பார்க்கப் போனவர்கள் வீட்டில் சத்தமாகச் சொன்னார்கள். கபரேக்குப் போனவர்கள் தாமஸ் கிண்ணம் நடக்காத நாளிலும் பூப்பந்து பார்க்கத்தான் போனார்கள்.

கபரேயில் கூப்பன் முறை. வாசலில் கூப்பன் வாங்கிக்கொண்டு, பிடித்த பெண்ணோடு ஒரு பாட்டுக்கு ஆடலாம். பாட்டு முடிந்ததும் கூப்பனைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பெண் கூப்பன்களைச் சேர்த்து நிர்வாகத்திடம் கொடுத்துத் தன் பங்கை வாங்கிக்கொள்வாள். ஆட்டமும் பேச்சும் மட்டுமே விலைக்கு. அதற்கு மேல் உள்ளது அவரவர் பாடு. பின்னால் மலாயா முழுக்கப் பேர் வாங்கிய ரோஸ் சான் 1942இல், ஜப்பானியர் காலத்தில், இந்த ஹேப்பி வோர்ல்டு கபரேயில்தான் ஆடத் தொடங்கினார். பாதிரிமாரும் ஆசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் திட்டித் தீர்த்த பெண். அநாதை இல்லங்களுக்கு அவர் அள்ளிக் கொடுத்ததை அதே பத்திரிகைகள் எழுதத்தான் வேண்டியிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கபரேக்களின் காலம் மங்கியிருந்தது. கேலாங் லோரோங்குகள், அதாவது சந்துகள், இப்போது எல்லாரும் அறிந்த பேரை எடுத்திருந்தன. கேலாங் சாலையிலிருந்து இரண்டு பக்கமும் லோரோங்குகள் பிரியும். வடக்கே சிம்ஸ் அவென்யூ பக்கம் ஒற்றைப்படை, தெற்கே கில்லமார்ட் சாலை பக்கம் இரட்டைப்படை. அந்த மாதிரி வீடுகள் இரட்டைப்படைப் பக்கம். வீட்டு எண்ணைப் பெரிதாக, விளக்குப் போட்டு மாட்டியிருப்பார்கள். எங்களுக்கு வசதி. கௌரவமான வீடுகளில்தான் எண் செடிகொடிக்குள் மறைந்து கிடக்கும். இரண்டு வீடு தள்ளி ஒரு குலமரபுச் சங்கம், அதற்கடுத்து ஒரு புத்தர் கோயில், எதிரே சக்கர நாற்காலி வைத்திருக்கும் ஒரு கிழவரின் வீடு. எல்லார் மீட்டரும் ஒரே தகரப் பெட்டிதான்.

அந்த வீடுகளில் மின்சாரமும் தண்ணீரும் கூடுதலாக ஓடும். துண்டு துவைக்கிற இயந்திரம் நிற்காது, சாமி மாடத்துச் சிவப்பு விளக்கு அணையாது. பின்கட்டில் மீட்டர் இருக்கும். போகும் வழியில் பெண்கள் பகல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், யாராவது ஒருத்தி ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதைப் பார்த்துப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஆள் என்பதால் என்னைப் பார்த்து யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தவ்கேயின், அதாவது முதலாளியின், வீட்டுக்குப் பாக்கி என்பது கிடையாது. பாக்கி எல்லாம் அந்தப் பெண்களின் தலையில் இருந்தது, வேறு நோட்டில். காதலால் அழிந்தவர்கள் யாரும் அங்கே என் கண்ணில் படவில்லை. தம்பி படிப்புக்கும் அப்பன் கடனுக்கும் வந்தவர்களைத்தான் பார்த்தேன். டூமாவின் புத்தகத்திலும் அந்த இரண்டாவது நோட்டு இருக்கிறது. வாசகர்கள் காமேலியாப் பூவைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பதினான்காம் லோரோங்கில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சீனத்தில் 'குவாய்லெ' பள்ளி, அதாவது ஹேப்பி பள்ளி. நான் மீட்டர் பார்க்கத் தொடங்கிய காலத்தில் அது கடைசி வருஷங்களில் இருந்தது. பெயரைப் பார்த்து, பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனசோடு வைத்தார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அந்த 'ஹேப்பி' ஹேப்பி வோர்ல்டிலிருந்து வந்தது. 1946இல் அந்தப் பள்ளியைத் தொடங்கியவர்கள் ஹேப்பி வோர்ல்டு கபரேயில் ஆடிய பெண்கள். முன்னால் நின்றவர் ஹெ யென்னா.

1946ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்றரை வருஷ ஜப்பானியர் ஆட்சி முடிந்த அடுத்த வருஷம். அரிசிக்கு ரேஷன். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததால் பத்து, பன்னிரண்டு வயதாகியும் ஒன்றாம் வகுப்பே பார்க்காத பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அப்பன் செத்த பிள்ளைகள், அப்பன் எங்கே போனான் என்றே தெரியாத பிள்ளைகள். கபரேக்களில் மட்டும் கூட்டம். பிரிட்டிஷ் சிப்பாய்களும், போர்க்காலத்தில் காசு பார்த்தவர்களும், அன்றைக்குக் கூலி கிடைத்தவர்களும். அந்தக் கூட்டத்தோடு இரவெல்லாம் ஆடிவிட்டு, பகலில் அந்தப் பெண்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடம் தேடினார்கள். தாங்கள் படிக்க முடியாமல் போனதால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்பது ஹெ யென்னாவின் கணக்கு. அதை மற்றப் பெண்களிடம் சொன்னார், பணம் திரட்டினார், நிதிக்காக மேடை நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாமல் பாடம். புத்தகமும் சும்மா.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது பணம் கொடுத்தது அல்ல. பணம் எல்லாரும் கொடுப்பார்கள். தவ்கேமார் கொடுத்துத் தங்கள் பெயரைப் பள்ளி வாசலில் கல்லில் வெட்டிக்கொண்டார்கள். இவர்கள் நினைத்திருந்தால் கன்பூசியஸ் பேரையோ ஏதாவது ஒரு குணத்தின் பேரையோ வைத்து, யார் கட்டியது என்பதை மறைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் பெற்றோரைச் சம்மதிக்க வைக்கிற பாடும் குறைந்திருக்கும். கபரேயின் பெயரையே பள்ளிக்கு வைத்தார்கள். பிள்ளைகள் தினமும் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தார்கள்.

மார்கரீத்திடம் அர்மானின் அப்பா துவால் கேட்டது இதற்கு நேர் எதிர். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் பக்கம் உன் நிழல் விழக்கூடாது, அதற்கு உன் உயிரே போனாலும் சரி. அவளும் ஒப்புக்கொண்டாள், வாசகரும் ஒப்புக்கொண்டார்கள், ஓபரா பார்க்க வந்தவர்கள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்துச் சாவதால்தான் அவளை மன்னிக்கிறது கதை. ஹெ யென்னா யாரிடமும் மன்னிப்பு கேட்டதாகத் தெரியவில்லை. செத்துப் புனிதமாகிற உத்தேசமும் அந்தப் பெண்களுக்கு இல்லை. மறுநாள் மாலை ஆட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அவர்களைத் தெய்வமாக்கவும் எனக்கு இஷ்டமில்லை. பணத்துக்குப் பின்னால் போட்டியும் பொறாமையும் இருந்திருக்கும். பணக்காரர்களைக் கூட்டி வந்து நன்கொடை வாங்கியபோது அந்தப் பணக்காரர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. தாசி நல்லவளாக இருந்தே தீர வேண்டும் என்று அடம் பிடிப்பதும் டூமாவின் நோய்தான். ஒரு தொழிலாளர் கூட்டம் தன் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிப் பள்ளி நடத்தியது என்று சொன்னால் போதும். துறைமுகத் தொழிலாளர் நடத்தினாலும் இதே மரியாதைதான் கொடுப்பேன். ஆனால் அவர்கள் நடத்தியிருந்தால், நம் பாடப்புத்தகத்தில் அது முன்னமே ஏறியிருக்கும்.

பள்ளி முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. 1970களில் பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றத் தொடங்க, சீனமொழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. தமிழ்ப் பள்ளிகளுக்கும் அதே கதி நேர்ந்தது அதே வருஷங்களில்தான். ஹேப்பி பள்ளி 1979இல் மூடியது. கே வோர்ல்டு அதற்கப்புறமும் இருபது வருஷம் இழுத்துக்கொண்டிருந்து, 2000இல் மூடி, அடுத்த வருஷம் இடிபட்டது. எழுத்தாளர் அடலின் ஃபூ 2017இல் கபரே பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். ஹெ யென்னாவின் பெயர் இன்றைய பிள்ளைகளின் காதில் கொஞ்சமாவது விழுகிறதென்றால் அதுவும் ஒரு காரணம். கேலாங் என்றால் தவளைக் கஞ்சி, டுரியான், அப்புறம் ஒரு கண்சிமிட்டல் என்று எழுதுகிறவர்கள் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படிக்கலாம்.